பூவாடைக்காரிக்கு ஒரு ரவிக்கை

பாப்பிரெட்டிப்பட்டி
29 ஜனவரி 2025

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

சென்ற திங்கட்கிழமை தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு கர்ப்பிணிப் பெண் உங்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உக்காருங்க, ஏன் நிக்கறீங்க?" என்று ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தீர்கள். அவள் உட்காரவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை. அவள் நான்தான். பெயர் தேவிப்பிரியா.

காரணத்தைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். எங்கள் வீட்டுச் சாமி அறையில் உங்கள் படம் இருக்கிறது. மாலை போட்ட படம். அதன் நெற்றியில் நான் தினமும் குங்குமம் வைக்கிறேன்.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று இந்தப் பக்கத்து வீடுகளில் கும்பிடுவார்கள். பூவும் புடவையும் வைத்துப் படைப்பார்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளைத்தான் அழைப்பார்கள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் கணவர் கதிரவனின் அக்கா. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் தவறி விழுந்துவிட்டதாகச் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் வத்தல்மலைக்காரி. இந்த ஊரில் எனக்கு முன்பழக்கம் யாரும் இல்லை.

படத்தில் இருப்பவருக்கு இரட்டைச் சடை. வலது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒரு வெட்டுத் தழும்பு. உங்களுக்குச் சடை இல்லை, கண்ணாடி இருக்கிறது. ஆனால் தழும்பு இருக்கிறது. ஸ்கேன் எடுக்கப் போனவள் அதை மறந்துவிட்டு உங்கள் பின்னாலேயே பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்தேன். "லைப்ரரி மிஸ்ஸுங்க, வெண்மதி மிஸ்ஸு" என்றார் வாட்ச்மேன். எங்கள் சாமியின் பெயரும் அதுதான்.

உங்களுக்குப் பெரியம்மாள் என்று ஓர் அம்மா உண்டா? இல்லை என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். உண்டு என்றால் வீட்டு விலாசத்துக்கு எழுதாதீர்கள். நிர்மலாதேவி அக்காவின் தையல் கடைக்கு எழுதுங்கள், நான் அங்கேதான் வேலை செய்கிறேன். போன் வேண்டாம். என் போன் பகலில் அத்தை சீரியல் பார்க்க, ராத்திரியில் அவர் கிரிக்கெட் பார்க்க.

நீங்கள் உயிரோடுதானே இருக்கிறீர்கள்?

தேவிப்பிரியா


தருமபுரி
5 பிப்ரவரி 2025

தேவிப்பிரியாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பியது போல இருந்தது.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஒரே கடிதத்தோடு முடியட்டும். எனக்கு இருபத்தொரு வயதில் சவரிராஜ் என்பவரோடு வீட்டைவிட்டு வந்தேன். பெயரிலேயே தெரிந்திருக்கும், அவர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவர். கணக்கு வாத்தியார். நல்லவர். அப்பா எனக்காகத் தலை முழுகியதும், என் துணிகளைக் களத்தில் போட்டு எரித்ததும் அடுத்த வாரமே காதுக்கு வந்தது. அதை ஏற்றுக்கொண்டேன். கோபத்தில் செய்கிற சாவுக்கு ஆயுள் குறைவு என்று நினைத்தேன். அப்பா தர்மன் இறந்தபோது யாரும் சொல்லி அனுப்பவில்லை. பேப்பரில் கண்ணீர் அஞ்சலி பார்த்துத்தான் தெரியும். அதில் மகன் பெயர் மட்டும் இருந்தது.

ஆனால் சாமியாக்கியது தெரியாது. கிணறும் தெரியாது. எனக்கு நீச்சல் தெரியும் தேவிப்பிரியா. அந்தக் கிணற்றில் கதிரவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

எனக்கு என்ன படைக்கிறீர்கள்? கடலைச் சட்னியில் பூண்டு போடாமல் இருந்தால் சரி. உயிரோடு இருந்தபோதே எனக்குப் பூண்டு பிடிக்காது.

இனி எழுத வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வெண்மதி

பி.கு: எனக்கு எத்தனை மணிக்கு விளக்கு வைக்கிறாய்?


பாப்பிரெட்டிப்பட்டி
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணி,

எழுத வேண்டாம் என்றீர்கள். கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். எதைக் கேட்பது?

ஆறு மணிக்கு. விளக்கு, சாம்பிராணி, பிறகு ஒரு உருண்டை களி, கடலைச் சட்னி, செம்பில் தண்ணீர். ஊருக்குப் போனால்கூட அந்த நேரத்துக்கு அத்தை திரும்பி வந்துவிடுவார்.

நீங்கள் சாமியான கதையைக் குள்ளம்மாள் ஆயாவின் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர், ஊர் ரகசியம் எல்லாம் அவர் மடியில்தான். மாமா இறந்த வருடம் இரண்டு மாடும் செத்து, போர் தண்ணீரும் வற்றி, அத்தை குறி கேட்கப் போயிருக்கிறார். "ஒன் வூட்டுக் கன்னிப்பொண்ணு ஒண்ணு பூவும் பொடவையும் கேட்டுக்கினு வாசல்ல நிக்குது" என்றாளாம் குறிக்காரி. இந்த வீட்டில் பிறந்த பெண் நீங்கள் ஒருவர்தான்.

"அவ உசுரோட இருக்கறான்னு சொல்லாம உங்க மாமியா வாயப் பொத்திக்கினு நின்னாடி" என்றார் ஆயா. "கேட்டுக்கினு எழுந்து வந்து நேரா கடைக்குப் போயி பொடவை எடுத்துட்டா. அந்த வருசமே புதுசாப் போட்ட போர்ல தண்ணி பீச்சி அடிச்சுது. அப்புறம் எவ கேப்பா?"

ஊருக்கே தெரியும் அண்ணி. எனக்கு மட்டும்தான் நீங்கள் செத்துப்போயிருந்தீர்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். போன வருடம் எனக்கு ஒரு குழந்தை தங்காமல் போனது. அன்றிலிருந்து சாமி அறையில் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். மற்ற சாமிகளிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. உங்களுக்கு என் வயதுதான் என்று நினைத்தேன், அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். இவரைப் பற்றிக்கூட. இந்தப் பிள்ளை தங்கினால் உங்கள் பெயரை வைப்பதாக வேண்டிக்கொண்டேன். தங்கிவிட்டது.

நீங்கள் இருக்கிறீர்கள் என்பதில் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் பயமாக இருக்கிறது. நான் யாரிடம் வேண்டினேன்? நேற்றும் விளக்கு வைத்தேன். மூன்றாவது தீக்குச்சியில்தான் திரி பற்றியது.

பூண்டு எடுத்துவிட்டேன்.

தேவி


தருமபுரி
2 மார்ச் 2025

தேவி,

என்னிடம் எந்த வரமும் இல்லை. உன் பிள்ளை தங்கியது உன் உடம்பாலும் டாக்டராலும். நீ அழுதபோது நான் பெரும்பாலும் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

இப்படி எழுதிவிட்டு, மறைக்காமல் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. மாலையில் பிள்ளைகள் போன பிறகு நூலகத்தில் தனியாக இருப்பேன். பல வருடங்களாக, அலமாரிகளைப் பூட்டுகிற அந்த நேரத்தில், யாரோ கூப்பிட்டது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் இருக்கிற நாட்களில் சவரி கேலி செய்வார்: "எந்த மவராசி கூப்பிட்டா?" மனம் இப்படியெல்லாம் ஏன் செய்கிறது என்று நிறையப் படித்திருக்கிறேன். ஆறு மணி என்று உன் கடிதத்தில் பார்த்ததும் படித்ததெல்லாம் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டது.

இப்போது ஆறு ஆனால் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே திரி எரிகிறது, இங்கே நான் இருட்டில். யார் யாரை ஆவியாக்குகிறார்கள் என்று தெரியவில்லை.

எனக்குக் கோபம் வருகிறது. தலை முழுகினால் திரும்ப வரலாம். ஊரில் எத்தனை பேர் அப்படி வந்து, காலில் விழுந்து, சேர்ந்திருக்கிறார்கள். சாமியான பிறகு எப்படி வருவது? அம்மா கதவைச் சாத்தவில்லை, கதவு இருந்த இடத்தில் சுவர் எழுப்பி அதற்குப் பொட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். அவள் என்னை உயிரோடு பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அதற்கு வழி உண்டா என்று மட்டும் சொல். நான் செத்துவிட்டதாக அவள் நிஜமாகவே நம்புகிறாளா?

வெண்மதி


பாப்பிரெட்டிப்பட்டி
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணி,

நீங்கள் கேட்டதற்கு ஒரு மாதமாகப் பதில் எழுத முடியவில்லை. இன்று முடியும்.

முதலில் பூண்டு. படைத்ததை மறுநாள் அத்தைதான் சாப்பிடுவார். பூண்டு எடுத்த மறுநாள் ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். "பூண்டு போடலியா?" "மறந்துட்டேன்ங்க அத்தை." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போவட்டும் வுடு. அவளுக்கும் பூண்டுன்னா ஆவாது." ஆவாது என்றார் அண்ணி. இருக்கிறவரைச் சொல்வது போல.

அதன் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று சாமிப் பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தார். இந்த மாதக் கடைசியில் எனக்கு வளைகாப்பு. அதற்கு முந்தின நாள், 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பொழுது இறங்கியதும் கிணற்றடியில் குடத்தில் நீர் மொண்டு பூவாடைக்காரியை வீட்டுக்கு அழைக்கிறோம். "இந்த வருசம் ரவிக்கைய நீயே தைச்சுடு" என்றார். மற்ற வீடுகளில் ரவிக்கைத் துணியைத்தான் வைப்பார்கள். அத்தை மட்டும் தைத்து வைக்கிறார் என்று கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். "அளவுக்குக் கடைசியா வெச்சத எடு. பழச எடுத்துடாத."

ஏன் அப்படிச் சொன்னார் என்று நினைத்து, எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். வருடத்துக்கு ஒன்று. முதலாவது ஒல்லிப் பெண்ணுக்கு. அடுத்தது கொஞ்சம் பெரியது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். நடுவில் ஒரு வருடம் மட்டும் சட்டென்று இளைத்திருக்கிறது. அந்த வருடம் உங்களுக்கு உடம்பு சரியில்லையா அண்ணி? பிறகு மறுபடி கூடியிருக்கிறது.

செத்தவர்களுக்கு உடம்பு கூடுமா?

நான் தலை நிமிர்ந்தபோது அத்தை கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "தோள்ப்பட்டை கொஞ்சம் எறங்கியிருக்கும். கம்ப்யூட்டர்ல குனிஞ்சு குனிஞ்சு வேல செய்யறால்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்காகத் தருமபுரி வருவார். இங்கே ஊரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேயும் அதே மாத்திரைதான். பஸ் கூட்டத்தில் ஏன் அலைகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "அந்த டாக்டரு கைராசிக்காரரு" என்பார். உங்கள் பள்ளிக்கு எதிரே பஸ் நிறுத்தம் இருக்கிறது இல்லையா?

வருவீர்களா? இவர் இருப்பார். ஊர்ப் பெண்கள் இருப்பார்கள். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

தேவி


தருமபுரி
21 ஏப்ரல் 2025

தேவி,

அந்த வருடம் எனக்கு டைபாய்டு. மூன்று வாரம் படுத்திருந்து, எலும்பும் தோலுமாகப் பள்ளிக்குத் திரும்பினேன்.

நிறுத்தத்தில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. இப்போது தினமும் சாலையைக் கடந்து போய் ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். "என்னங்க மிஸ், யாரத் தேடறீங்க?" என்கிறார்கள். நான் தேடத் தொடங்கியதிலிருந்து அவள் வரவில்லை.

நேற்று ஈஸ்டர். சவரியோடு போயிருந்தேன். நான் அங்கே பாதி கேட்பேன், பாதி ஜன்னலைப் பார்ப்பேன். பங்குத்தந்தை ஒன்று சொன்னார்: உயிர்த்து வந்தவரைப் பார்த்து அவருடைய ஆட்களே ஆவி என்று பயந்தார்களாம். அவர் வாதாடவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிட்டுக் காட்டினாராம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பசியோடு வருகிறேன்.

வெண்மதி


பாப்பிரெட்டிப்பட்டி
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணி,

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. கைநிறைய வளையலோடு எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தென்னை மரத்துப் பக்கமிருந்து வந்தீர்கள், எங்கள் முகங்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன். பொழுது இறங்கிவிட்டது. அத்தை குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி, "வாடி தாயி, ஒன் வூட்டுக்கு வாடி" என்று மூன்றாவது முறை கூப்பிடும்போது நீங்கள் வெளிச்சத்துக்கு வந்தீர்கள். எனக்கே, நீங்கள் வரப்போவது தெரிந்த எனக்கே, இரண்டு கையும் தானாகக் குவிந்துவிட்டன. இவர் டார்ச்சை உங்கள் முகத்தில் அடித்தார். அடித்த கையோடு அணைத்துவிட்டார்.

குள்ளம்மாள் ஆயாவுக்கு மட்டும் வாய் நிற்கவில்லை. "ஏண்டி பெரியம்மா, கண்ணாடி போட்ட பூவாடைக்காரிய இப்பத்தாண்டி பாக்கறேன். சாமிக்குக் கிட்டப்பார்வையா?"

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வழி வுடுடி. சாமிய கேள்வி கேக்கறா." எல்லோரும் விலகினார்கள். இவரும் விலகினார் அண்ணி. நீங்கள் படியேறினால் தான் இறங்கிவிடுவதாகச் சத்தியம் செய்தவராம். சாமியை யார் தடுப்பது?

பிறகு உங்களை உள்ளே விட்டு, விளக்கணைத்துக் கதவைச் சாத்தினோம். சாமி சாப்பிடுகிற நேரம் யாரும் மூச்சுவிடக் கூடாது. அத்தை தண்ணீர் வைக்கப் போனவர் வெளியே வரவே இல்லை. கதவு திறந்தபோது நீங்கள் புதுப் புடவையில் நின்றீர்கள். இலை காலி. ஒவ்வொரு வருடமும் வைத்தது வைத்தபடி இருக்கும் இலை. ஆயா அப்படியே காலில் விழுந்துவிட்டார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவரே விழுந்தார். "சாமி, புள்ளத்தாச்சிக்குத் துண்ணூறு பூசு" என்று அழுதார். நீங்கள் என் நெற்றியில் பூசியபோது உங்கள் விரல் என்னுடையதைவிட அதிகமாக நடுங்கியது. அதனால்தான் எனக்குப் பயம் போனது. நான் வேண்டிக்கொண்டது யாரிடம் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

இவர் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று வருந்தாதீர்கள். "கடைசி பஸ்ஸு எட்டே காலுக்கு, சாமிகிட்ட சொல்லிடு" என்று என்னிடம் சத்தமாகச் சொன்னது உங்களுக்காகத்தான்.

மறுநாள் ஆறு மணிக்கு அத்தை வழக்கம்போல் விளக்கு வைத்தார். மாலையை மாற்றினார். நீங்கள் கட்டிவந்த சேலையைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியை ஏற்றும்போது என்னிடம் சொன்னார்: "கை கொஞ்சம் பிடிச்சுது அவளுக்கு. அடுத்த வருசம் அரை இஞ்சு வுட்டுத் தை."

எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

தேவி


தருமபுரி
3 மே 2025

தேவி,

இருட்டில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நல்ல பெண் நீ. கொஞ்சம் சொல்கிறேன்.

அம்மா தண்ணீரை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டேன். இருட்டில் சாப்பிடுகிற சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்னியில் பூண்டு இல்லை. நான் "அம்மா" என்றேன். மறுபடி சொன்னேன். அவள் கை வந்து என் முகத்தைத் தடவி, தழும்பைத் தடவி, கண்ணாடியைக் கழற்றியது. முந்தானையால் துடைத்தாள். இரண்டு பக்கமும், வெகுநேரம். மாட்டிவிட்டு, ரவிக்கையை என் மடியில் வைத்தாள். "போட்டுக்க தாயி."

தாயி. கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு குடத்துத் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றி என்னை அனுப்பி வைத்தாளே, அப்போது நீ பின்னால் நின்றாய். "போயிட்டு அடுத்த வருசம் வா" என்றாள். பெண்கள் எல்லோரும் திரும்பி நின்றுகொண்டார்கள். சாமி போவதைப் பார்க்கக் கூடாது. வந்த வழியே இருட்டில் நடந்தபோது, உண்மையாகச் சொல்கிறேன், என் காலடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உடம்பு இருப்பது திரும்பத் தெரிந்தது.

அம்மாமேல் இருந்த கோபம் போய்விட்டது. அப்பா கொன்றுவிட்ட மகளுக்கு ஒரு வாய் சோறு வைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தச் சுவரில் அவள் வைத்தது பொட்டு இல்லை தேவி, ஒரு சின்னத் துவாரம். வருடத்துக்கு ஒருமுறை அதன் வழியாக என்னை உள்ளே இழுத்துக்கொள்ளவும் அவளால் முடிகிறது. ஆனால் எனக்கு அது போதாது. அடுத்த வருடமும் சாமியாக வந்தால், அதற்கடுத்த வருடம் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அதனால் ரவிக்கையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அதன் கைப்பக்கத் தையலை நானே பிரித்து அரை அங்குலம் விட்டுவிட்டேன். கோணலாகத்தான் இருக்கும், நீ சிரிப்பாய். அம்மாவிடம் காட்டு. அடுத்த வருடத்துக்கு என்று எதுவும் தைக்க வேண்டாம் என்று சொல்.

பிள்ளை பிறந்ததும் பார்க்க வருவேன். கிணற்றடிக்கு வர மாட்டேன். பகல் பஸ்ஸில் வந்து இறங்கி, தெரு வழியாக, சவரியோடு, கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு வருவேன். வாசலில் நின்று கதவைத் தட்டுவேன். சாமி கதவைத் தட்டாது என்று அம்மாவுக்குத் தெரியும். திறப்பதா வேண்டாமா என்று அவள் யோசிக்கட்டும், நான் வெயிலில் நிற்கிறேன். என் நிழல் படியில் விழும், அவள் பார்க்கட்டும்.

பெண்ணாக இருந்தால் என் பெயரை வைக்காதே. அந்தப் பெயர் எனக்கு இன்னும் தேவைப்படுகிறது.

அதுவரை விளக்கை நிறுத்த வேண்டாம். ஆறு மணி ஆனால் இப்போது நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெண்மதி